ரேஸ் காரை ஏழைக்கு இல்லாவிட்டாலும் நடுத்தரத்துக்கு இறக்கிய கோவைக்காரர்! கரிவரதன் கதை

போத்தனூர் தாண்டி செட்டிபாளையம் பக்கம் போகிறவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கம். கரி மோட்டார் ஸ்பீட்வே. பந்தயம் நடக்கும் நாட்களில் உறுமல் சத்தம் தோட்டத்துச் சாளை வரைக்கும் கேட்கும்.

அது என்ன கரி? அடுப்புக் கரியா, நிலக்கரியா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பது உண்டு.

இரண்டும் இல்லீங்க. அது ஒரு மனிதரின் பெயர். கரிவரதன்! யானைக்கு அருள் செய்த பெருமாளின் பெயர் அது. கொங்கு நாட்டில் கரிவரதராஜப் பெருமாளுக்குக் கோயில்கள் உண்டு. அந்தப் பெயரைத்தான் பந்தயக் கூட்டாளிகள் சுருக்கி கரி ஆக்கிவிட்டார்கள்.

அவர் காலமாகி 30 வருடம் தாண்டிவிட்டது. இன்றைக்கு பைக் வாங்கிய மறுநாளே ரோட்டில் அடுத்தவனோடு மோதிப் பார்க்கத் துடிக்கும் பசங்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? சந்தேகம்தான். ஆனால் வேகம் பழக ஆசைப்படும் புதுப் பையனுக்கு வண்டி வேண்டும், இடம் வேண்டும் என்று யோசித்து, கையைக் கறுப்பாக்கிக்கொண்டு வேலை செய்தவர் அவர்தான்.

மில் வீட்டுப் பிள்ளை

1954-ம் ஆண்டு பிறந்தவர் கரிவரதன். கோவையில் பெரிய இடத்துப் பிள்ளை. லட்சுமி மில் குடும்பம். ஜி.குப்புசாமி நாயுடு 1910-ம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம் அது. இன்றைக்கும் பஸ் கண்டக்டர் லட்சுமி மில், லட்சுமி மில் என்று கூவினால் பாப்பநாயக்கன்பாளையத்தில் பாதி பஸ் இறங்கும்.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவர் நூல் விலையும் பஞ்சு விலையும் பார்த்துக்கொண்டு, சாயங்காலம் கிளப்புக்குப் போய் வந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

இவருக்குப் பிடித்தது எஞ்சின்.

கோவையில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. இந்த ஊர் மண்ணே அப்படி. கலங்கல் கிராமத்து விவசாயி மகன் ஜி.டி.நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். பார்த்தவர் சும்மா இருந்தாரா? கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வர் வேலை பார்த்து, காசு சேர்த்து, அதே மாதிரி வண்டியை வாங்கினார். வாங்கி என்ன செய்தார் தெரியுமா? ஊர் சுற்றவில்லை. அக்கு அக்காகக் கழற்றிப் போட்டார். மறுபடியும் மாட்டினார். அப்படித்தான் அவர் எஞ்சின் படித்தார்.

மில்லுக்கு ஸ்பேர் வேண்டும் என்று லேத் பட்டறைகள் வந்தன. கிணற்றுக்கு மோட்டார் வேண்டும் என்று வார்ப்படப் பட்டறைகள் வந்தன. பைக்காரா மின்சாரம் 1930-களில் வந்த பிறகு பீளமேடு, கணபதி, சிங்காநல்லூர் பக்கம் தெருவுக்குத் தெரு கடைசல் சத்தம்தான். ஒரு உதிரிப் பாகத்தைக் கையில் கொடுத்து இதே மாதிரி ஒன்று வேண்டும் என்று சொன்னால் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லும் ஊர் இது.

கரிவரதனுக்கு இந்த ஊர்தான் பள்ளிக்கூடம் மாதிரி அமைந்தது. காசு வீட்டில் இருந்தது. கைத்தொழில் தெருவில் இருந்தது.

சோழவரம் திருவிழா

அந்தக் காலத்தில் ரேஸ் என்றால் சோழவரம்!

சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் விமானம் இறங்குவதற்காகப் போட்ட ஓடுபாதை. போர் முடிந்தது. விமானம் போய்விட்டது. பாதை மட்டும் வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்தது. 1953-ல் ஏற்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத்துக்குப் பிடித்துக்கொண்டது.

வருஷா வருஷம் அங்கே பந்தயம். ஜனம் அலைமோதும். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வருவார்கள். வீட்டில் ஓடும் பியட், ஹெரால்டு கார்களும் ஓடும். பைக்கும் ஓடும். அந்தப் பக்கம் சீமையிலிருந்து கப்பலில் வந்த அசல் ரேஸ் காரும் ஓடும்.

பணக்காரர்கள் விளையாட்டுத்தான். மறுப்பதற்கில்லை. விஜய் மல்லையா பார்முலா ஒன் பந்தயத்துக்கென்றே செய்த என்சைன் காரைக் கொண்டு வந்து ஓட்டினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வெளிநாட்டுக் கார் இறக்குவது என்றால் லைசென்ஸ், பெர்மிட், சுங்கம் என்று ஆயிரம் தலைவலி. ஒரு சாதாரண மெக்கானிக்கோ குமாஸ்தா மகனோ வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தூசியைத்தான் சாப்பிட முடியும்.

கோவையிலிருந்து சோழவரம் 500 கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தூரம் போய் ஓட்டியவர்களில் ஒருவர் கரிவரதன். சும்மா ஓட்டவில்லை. ஜெயித்தார். நாடு முழுவதும் பந்தயக்காரர்கள் மத்தியில் கோவைக் கரி என்றால் தெரிந்தது.

இதோடு நின்றிருந்தால், வசதியான வீட்டில் பிறந்து வேகமாக ஓட்டியவர் என்று ஒரு வரியில் முடிந்திருக்கும். அப்படி எத்தனையோ பேர் ஓட்டினார்கள். பெயர் கூட நிற்கவில்லை.

மாருதி வந்தது, வழி பிறந்தது

1983 டிசம்பரில் மாருதி 800 கார் வெளியே வந்தது. குட்டிக் கார். 3 சிலிண்டர். 796 சி.சி. எஞ்சின். சுமார் 40 குதிரை சக்தி. அம்பாசிடரில் ஏறிப் பழகிய பெரியவர்கள் இது காரா, தீப்பெட்டியா என்று சிரித்தார்கள். இரண்டு மூன்று வருடத்தில் டாக்டர் வீடு, வக்கீல் வீடு, மண்டிக்காரர் வீடு எல்லாவற்றிலும் அதுதான் நின்றது.

ஊரெல்லாம் ஓடும் கார். அப்படியானால் ஊரெல்லாம் ஸ்பேர் கிடைக்கும். ரிப்பேர் பார்க்கத் தெரிந்த கை கிடைக்கும். எஞ்சினும் லேசு.

கரிவரதன் பிடித்த இடம் இதுதான்.

வீட்டுக் கார் எஞ்சினை எடுத்து, ரேஸ் கார் ஒன்றை இங்கேயே செய்தால் என்ன? ஒரே ஒருவர் உட்காரும் கார். நான்கு சக்கரமும் வெளியே தெரியும். கூரை கிடையாது, கதவு கிடையாது. டெலிவிஷனில் பார்க்கும் பார்முலா காரின் தம்பி மாதிரி.

சொல்வது சுலபம். செய்வதில்தான் சூட்சுமம்.

மாருதி 800-ல் எஞ்சின் முன்னால் இருக்கிறது. இழுப்பதும் முன் சக்கரம்தான். எஞ்சின், கியர்பெட்டி எல்லாம் ஒரே மூட்டையாக முன்னால் உட்கார்ந்திருக்கும். அந்த மூட்டையை அப்படியே தூக்கி, ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால் வைத்தால்? இப்போது தள்ளுவது பின் சக்கரம் ஆகிவிடும். எஞ்சின் கனம் முழுவதும் அந்தப் பின் சக்கரத்தின் மேலேயே அழுத்தும். பின்னால் கனம் இருந்தால் சக்கரம் ரோட்டைக் கவ்வும். ஆக்சிலேட்டரை மிதித்தால் சும்மா சுற்றாமல் வண்டியைத் தள்ளும். ஒரே மாற்றத்தில் இரண்டு லாபம்!

இரும்புக் குழாய்களை வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்து ஒரு கூண்டு. அதன் மேல் பைபர் கிளாஸ் உடம்பு. தகரம் தட்டுகிற செலவு இல்லை. இடித்து உடைந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கூண்டு மட்டும் உறுதியாக நின்றால் போதும். உள்ளே இருக்கும் ஆள் பிழைப்பான்.

1980-களின் கடைசியில் பார்முலா மாருதி என்ற பந்தயம் பிறந்தது. வண்டிகள் கோவையில் பிறந்தன.

இதில் ஒரு நியாயமும் இருந்தது. எல்லாருக்கும் ஒரே எஞ்சின். எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி. அப்பன் காசு அதிகம் என்பதற்காக மகனுக்கு இரட்டை சக்தி எஞ்சின் கிடைக்காது. முன்னால் போகிறவன் ஓட்டத் தெரிந்தவன். பின்னால் வருகிறவன் இன்னும் பழக வேண்டியவன். கணக்கு அவ்வளவு சுத்தம்.

சத்தியமாகச் சொன்னால், இதுவும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு எட்டும் விளையாட்டு இல்லைதான். டயர் காசு, பெட்ரோல் காசு, மெக்கானிக் கூலி எல்லாம் இருக்கிறதல்லவா? ஆனால் கப்பலில் இறக்கிய காரோடு பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஸ்ரீபெரும்புதூரில் புதுத் தடம்

1990-ம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே கட்டிய தடம் திறந்தது. 3.7 கிலோமீட்டர். சோழவரத்து ஓடுபாதைக்கு ஓய்வு கிடைத்தது. கோவைக்காரரின் குட்டி ரேஸ் கார்கள் அங்கே வரிசை கட்டி நின்றன.

அதில் ஏறிய பையன்களில் ஒருவன் நரேன். கோவைப் பையன். அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயன் ராலி ஓட்டி ஜெயித்தவர். நரேன் ஓட்டிய முதல் பந்தயமே இந்தப் பார்முலா மாருதிதான். முதல் பந்தயத்திலேயே முதல் மூன்று பேரில் ஒருவனாக மேடை ஏறினான்.

அந்தப் பையன் பின்னால் என்ன ஆனான் என்பது ஊருக்கே தெரியும். 2005-ல் ஜோர்டான் அணிக்காக பார்முலா ஒன் ஓட்டினார் நரேன் கார்த்திகேயன். இந்தியாவிலிருந்து அந்தப் பந்தயத்தில் ஓட்டிய முதல் ஆள்! உலகமே டெலிவிஷனில் பார்த்த அந்த ஓட்டத்துக்கு ஆரம்பம், மாருதி எஞ்சின் வைத்த கோவைக் கார்.

கோவை ஜே.ஆனந்த் மாதிரி இன்னும் பலரும் இந்த ஒற்றை ஆள் கார்களில் பெயர் எடுத்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

புதுப் பையன் முதலில் படிப்பது என்ன?

வேகமாகப் போவதைத்தான் ரேஸில் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? கிடையாது. நின்ற இடத்திலிருந்து கிளம்புவதுதான் முதல் பாடம்.

இந்த ஒரு பாடத்தையே முழுப் பந்தயமாக வைத்தால் அதற்குப் பெயர் டிராக் ரேஸ். இன்றைக்குப் பசங்க வாயில் அடிபடும் சொல் இதுதான். வளைவு கிடையாது. நேர்க் கோடு. இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். தூரம் கால் மைல். அதாவது 402 மீட்டர். நம் காந்திபுரத்தில் ஒரு பஸ் ஸ்டாண்டிலிருந்து அடுத்த பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பது போல. கண் மூடித் திறந்தால் முடிந்துவிடும்.

பார்க்க சுலபம். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

கோட்டில் ஒரு ஒளிக்கதிர் குறுக்கே போகும். முன் சக்கரத்தை அதன் மேல் கச்சிதமாக நிறுத்த வேண்டும். எதிரே கம்பத்தில் மஞ்சள் விளக்கு எரியும். அப்புறம் பச்சை. பச்சைக்கு முன்னால் சக்கரம் நகர்ந்ததோ, சிவப்பு! ஆட்டம் காலி. வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பச்சை விழுந்த பிறகு யோசித்துக்கொண்டு நின்றாலும் போச்சு. இதில் ஒரு வேடிக்கையான கணக்கு இருக்கிறது. ஒருவன் கிளம்ப 0.6 செகண்ட் எடுத்துக்கொண்டு, 15 செகண்டில் தூரத்தைக் கடக்கிறான் என்று வையுங்கள். மொத்தம் 15.6. பக்கத்தில் இருப்பவன் வண்டி இன்னும் வேகம். 14.8 செகண்ட் போதும். ஆனால் கிளம்பும்போது 0.9 செகண்ட் தூங்கிவிட்டான். மொத்தம் 15.7. வேகமான வண்டி வைத்திருந்தவன் தோற்றுப் போனான்! புதுப் பையன்கள் வண்டிக்குச் செலவு செய்வதற்கு முன்னால் கண்ணையும் கையையும் பழக்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் தலையில் அடித்துக்கொள்வது இதனால்தான்.

அடுத்தது கிளட்ச். எஞ்சினை அலறவிட்டு கிளட்சைப் பொட்டென்று விட்டால் பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். புகைதான் வரும், வண்டி போகாது. பைக்காக இருந்தால் முன் சக்கரம் வானத்தைப் பார்க்கும். பயந்துகொண்டு எஞ்சின் வேகத்தைக் குறைத்து விட்டாலோ வண்டி திணறும், சில சமயம் ஆப் ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் இருக்கிறது. கிளட்ச் கவ்வ ஆரம்பிக்கும் இடம். அது ஒவ்வொரு வண்டிக்கும் வேறு வேறு. விரல் நுனிக்கு அது தெரிய வேண்டும். நூறு தடவை கிளம்பிக் கிளம்பித்தான் தெரியும்.

பைக் ஓட்டுகிறவன் உடம்பை முன்னால் சாய்த்து டேங்க் மேல் படுத்துக்கொள்ள வேண்டும். முன் சக்கரம் தூக்காமல் இருக்க அதுதான் வழி. கியர் மாற்றுவதிலும் ஒரு நிதானம் இருக்கிறது. சீக்கிரம் மாற்றினால் இழுவை குறையும். தாமதித்தால் எஞ்சின் சும்மா கத்தும்; வேகம் ஏறாது.

கரிவரதனின் குட்டிக் கார்களிலும் இதே சங்கதிதான். கோட்டில் நின்று, விளக்கு பார்த்து, கிளட்சை அளந்து விட வேண்டும். 40 குதிரையை வைத்துக்கொண்டு கிளம்பும்போது கோட்டைவிட்டால் அப்புறம் முன்னால் போனவனைப் பிடிப்பது லேசில்லை. சக்தி குறைந்த வண்டியில் பழகியவனுக்குக் கை சுத்தமாக இருக்கும் என்று பந்தயக்காரர்கள் சொல்வது இதனால்தான். முதல் நாளே பெரிய வண்டியில் ஏறியவன், தன் தப்பை எஞ்சின் மறைத்துக்கொண்டிருக்கிறது என்பதே தெரியாமல் ஓட்டிக்கொண்டிருப்பான்.

அமெரிக்காவிலும் இதே பிரச்சினை!

பசங்க ரோட்டில் மோதுவது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை.

போர் முடிந்து வந்த அமெரிக்க வாலிபர்கள் பழைய கார்களைப் பட்டறையில் வைத்துச் சுரண்டி, எஞ்சினை முறுக்கி, கலிபோர்னியா தெருக்களில் ராத்திரி ராத்திரியாகப் பந்தயம் விட்டார்கள். விபத்து, போலீஸ், கோர்ட்டு என்று ஒரே களேபரம்.

1950-ல் சாண்டா அனா என்ற ஊரில் விமான ஓடுபாதை ஒன்றைப் பிடித்து, அங்கே வந்து ஓட்டச் சொன்னார்கள். சோழவரம் மாதிரியேதான்! 1951-ல் வாலி பார்க்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியர் டிராக் ரேசுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார். ரோட்டில் ஓடும் பையன்களைத் தடத்துக்குக் கொண்டு வருவதுதான் நோக்கம். 1953-ல் பொமோனா நகரில் அந்தச் சங்கம் முதல் பந்தயம் நடத்தியபோது உள்ளூர்ப் போலீசே ஒத்துழைத்தது. துரத்திப் பிடித்த போலீஸ், தடத்துக்கு வழி காட்டியது.

கரிவரதன் செய்ததும் ஏறக்குறைய இந்த வேலைதான். அங்கே சங்கம் கட்டினார்கள். இவர் வண்டி கட்டினார்.

விண்ணில் முடிந்த ஓட்டம்

1995 ஆகஸ்ட். கோவைக்கு இடி மாதிரி ஒரு செய்தி வந்தது.

சிறிய விமானம் ஒன்று விழுந்த விபத்தில் கரிவரதன் பலி!

வயது 41. தரையில் அத்தனை வேகம் பார்த்தவரைத் தடத்தில் எமன் தொடவில்லை. ஆகாயத்தில் பிடித்துவிட்டான்.

அப்போது நரேனுக்கு 18 வயது. பார்முலா ஒன் காரில் நம் ஊர்ப் பையன் உட்கார்ந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. இன்னும் 10 வருடம் இருந்திருந்தால் பார்த்திருப்பார். இதை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

பட்டறையில் அவரோடு நின்ற கைகள் சும்மா இருக்கவில்லை. கோவையில் ரேஸ் கார் செய்யும் தொழில் தொடர்ந்தது. எல்.ஜி.பி. நிறுவனத்தின் பி.விஜயகுமார் முன்னின்று செட்டிபாளையத்தில் பந்தயத் தடம் அமைத்தார். 2003-ல் திறந்தார்கள். நீளம் 2.1 கிலோமீட்டர். வைத்த பெயர் கரி.

எல்.ஜி.பி. பார்முலா 4 என்று அங்கே ஓடிய கார்களின் எஞ்சின் எது தெரியுமா? மாருதி ஸ்விப்ட்! அண்ணன் போட்ட பாதையிலேயே தம்பியும் போயிருக்கிறான். சோழவரத்துக்கு 500 கிலோமீட்டர் போன ஊருக்கு, வெளி மாநிலத்துக்காரர்கள் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.

பாலத்தில் பறக்கலாமா?

2025 அக்டோபரில் அவிநாசி ரோட்டில் புது மேம்பாலம் திறந்தது. 10 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். ஜி.டி.நாயுடு பெயர் வைத்திருக்கிறார்கள். சிக்னல் இல்லை. குறுக்கே மாடு இல்லை. பசங்களுக்கு அதைப் பார்த்தால் கால் அரிக்கத்தான் செய்யும்.

ஒரு சின்னக் கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு செகண்டில் 28 மீட்டர். எதிரே ஏதோ தெரிகிறது என்று மூளை சொல்லி, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஒரு செகண்ட் போய்விடும். அதற்குள் வண்டி இரண்டு பெரிய பஸ் நீளத்துக்கும் மேலே போயிருக்கும். பிரேக் வேலை செய்ய ஆரம்பிப்பது அதற்குப் பிறகுதான்.

டிராக் ரேஸ் தடத்தில் 402 மீட்டர் முடிந்த பிறகு வண்டியை நிறுத்துவதற்கென்றே நீளமாக இடம் விட்டிருப்பார்கள். ஓடும் பாதையை விட அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். ரோட்டில் அந்த இடம் எங்கே இருக்கிறது? பால் கேன் கட்டிய சைக்கிள்காரர் நிற்பார். மில் ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் நிற்பார்கள். அவர்கள் யாரும் பந்தயத்துக்குப் பேர் கொடுத்தவர்கள் இல்லையே!

சட்டமும் சும்மா விடாது. பொது ரோட்டில் அனுமதி இல்லாமல் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவு. 2019-ல் திருத்திய பிறகு முதல் தடவைக்கு 3 மாதம் வரை ஜெயில் அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் விழலாம். மறுபடியும் மாட்டினால் ஒரு வருடம் வரை ஜெயில், 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். 18 வயது ஆகாத பையன் கையில் வண்டியைக் கொடுத்து அவன் குற்றத்தில் மாட்டினால், கொடுத்த அப்பாவுக்கு 3 வருடம் வரை ஜெயிலும் 25 ஆயிரம் அபராதமும் காத்திருக்கிறது. வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்து. செல்லம் கொடுக்கும் பெற்றோர்கள் இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படிக்கலாம்.

ஆசை இருக்கிறவன் என்ன செய்வது?

வழி இருக்கிறது. இந்திய மோட்டார் விளையாட்டு சம்மேளனத்தின் அனுமதி பெற்ற பந்தயங்கள் நடக்கின்றன. இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் பைக் டிராக் ரேசுக்குத் தேசியச் சாம்பியன்ஷிப்பே நடந்திருக்கிறது. சம்மேளனத்தின் லைசென்ஸ் வாங்க வேண்டும். ரோட்டுக்கு வாங்கிய லைசென்ஸ் வேறு, இது வேறு. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் பைக்குகளுக்கென்று தனிப் பிரிவும் உண்டு. ஆகவே சைலன்சரைக் கழற்றி எறிந்து, ஆயிரம் ஆயிரமாகக் கொட்டி எஞ்சினை முறுக்க வேண்டிய அவசியம் ஆரம்பத்தில் இல்லை.

உடுப்புக்குத்தான் முதல் செலவு. முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட், தோல் உடுப்பு, கையுறை, கணுக்கால் மூடும் பூட்ஸ். தடத்துக்குள் விடுவதற்கு முன்னால் இதையெல்லாம் அதிகாரிகள் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். டயரை அமுக்கிப் பார்ப்பார்கள். பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பார்கள். செயின் தொங்கினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கெஞ்சினாலும் நடக்காது.

எல்லாம் சரியாக இருந்தால் ஒரு நம்பர் ஸ்டிக்கரை ஒட்டி வரிசையில் நிற்கச் சொல்வார்கள். முன்னால் 10 வண்டி இருக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும், ஹெல்மெட்டுக்குள் வேர்வை ஊற்றும். அப்புறம் கோடு வரும், மஞ்சள் விளக்கு எரியும்.